தீவிர இடைவெளிப் பயிற்சியும் உடல் எடையும்

மூச்சிரைக்கும் அளவுக்குச் சில நிமிடங்கள் வேகமாகவும், பின்னர்ச் சில நிமிடங்கள் மெதுவாகவும் மாறி மாறி உடலை இயக்குவது தீவிர இடைவெளிப் பயிற்சி எனப்படுகிறது. எடை மிகுந்தவருக்கு இப்பயிற்சியில் கொழுப்பு விரைவாகக் கரையும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இது பாதி உண்மையே.

கனமான உடலை நகர்த்தக் கூடுதல் ஆற்றல் வேண்டும் என்பது உண்மை. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் அரை மணி நேரம் நடந்தால், 60 கிலோ எடையுள்ளவர் சுமார் 105 கலோரியும், 90 கிலோ எடையுள்ளவர் சுமார் 155 கலோரியும் செலவிடுவர். உடற்சுமையை இருக்கை தாங்கிக்கொள்ளும் பயிற்சி மிதிவண்டியில் இவ்வேறுபாடு பெரிதும் குறைந்துவிடும்.

ஆனால் செலவாகும் கலோரி அனைத்தும் கொழுப்பிலிருந்து வருவதில்லை. ஓய்விலும் மிதமான நடையிலும் தசைகள் கொழுப்பைக் கணிசமாகப் பயன்படுத்துகின்றன. வேகம் மிகும்போது கொழுப்பிலிருந்து அத்தனை விரைவாக ஆற்றலைப் பெற இயலாது. ஆகவே தசை, தன்னுள் சேமித்துள்ள கிளைக்கோஜன் என்னும் சர்க்கரையை நாடுகிறது. பயிற்சி முடிந்தபின் கொழுப்பின் பங்கு மீண்டும் உயரும்; எனினும் அப்போது கூடுதலாகச் செலவாகும் ஆற்றல், விளம்பரங்கள் சொல்லுமளவுக்குப் பெரிதன்று.

எடையின் பங்கு இங்கே மற்றொரு வகையிலும் வெளிப்படுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு எளிதான நடை, பயிற்சிப் பழக்கமில்லாத 90 கிலோ எடையுள்ளவரை அவருடைய உச்ச எல்லைக்கு அருகே கொண்டு சென்றுவிடலாம். அவருடைய தசைகள் முன்னதாகவே சர்க்கரைக்கு மாறிவிடும். எனவே பக்கத்து டிரெட்மில்லின் வேகத்தைப் பார்த்துத் தம் வேகத்தை அமைத்துக்கொள்வது பொருந்தாது. பேச முடிந்தும் பாட முடியாத நிலை மிதமானது; சில சொற்களுக்கு மேல் பேச இயலாத நிலை தீவிரமானது.

செலவிடும் ஆற்றல் சமமாயின், இடைவெளிப் பயிற்சியும் தொடர்ச்சியான மித நடையும் ஏறத்தாழ ஒரே அளவு கொழுப்பையே குறைக்கின்றன. இடைவெளிப் பயிற்சியின் சிறப்பு, குறைந்த நேரத்தில் இதய, நுரையீரல் திறனை உயர்த்துவதில்தான் உள்ளது. நார்வேயின் டிரான்ட்ஹைம் நகர ஆய்வாளர்கள் இதயச் செயலிழப்புள்ள 27 பேரிடம் நடத்தி 2007ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், நான்கு நிமிடத் தீவிரப் பயிற்சியை நான்கு முறை செய்தவர்களின் திறன் மித நடையினரைவிட மிகுதியாக உயர்ந்தது. ஆயினும் ஐரோப்பாவில் 261 பேரிடம் நடைபெற்று 2017இல் வெளியான ஆய்வில் அந்த மேன்மை காணப்படவில்லை. ஆகவே மித நடை மட்டுமே இயலும் நோயாளிகள் மனம் தளர வேண்டியதில்லை. எடைக் கருவியின் முள் அசையாத நிலையிலும், தொடர் பயிற்சியால் வயிற்றினுள்ளும் கல்லீரலிலும் படிந்த கொழுப்பு குறையக்கூடும்.

இதய நோய், நீரிழிவால் ஏற்பட்ட விழித்திரைப் பாதிப்பு, கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம் ஆகியவை உள்ளோர் மருத்துவரைக் கேளாமல் தீவிரப் பயிற்சியைத் தொடங்குதல் கூடாது. இன்சுலின் போட்டுக்கொள்பவருக்குப் பயிற்சியின்போதோ பல மணி நேரம் கழித்தோ சர்க்கரை தாழக்கூடும்; கையில் இனிப்பு இருத்தல் வேண்டும். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை உட்கொள்வோர், நாடித் துடிப்பைவிட மூச்சின் நிலையையே அளவாகக் கொள்ளலாம். முழங்கால் வலியுள்ள கனத்த உடலினருக்கு ஓட்டத்தைவிட மிதிவண்டியே ஏற்றது. பயிற்சியின்போது மார்பில் இறுக்கம், தலைச்சுற்றல், இடது கை அல்லது தாடையில் வலி தோன்றினால் உடனே நிறுத்தி, உடனிருப்பவர் தாமதமின்றி அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வருதல் வேண்டும்.