பவளப் பார்களும் கரைவாழ் மக்களும்

தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரையில் கரையோரமாக வரிசை பிடித்து நிற்கும் தீவுகள் 21 என்று ஏடுகள் கூறும். இன்று எண்ணப் புகுவோர்க்கு 19 தீவுகளே அகப்படும். பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரண்டும் நீருள் அமிழ்ந்து மறைந்தன. இவற்றை ஒரே நாளில் புயல் விழுங்கிவிடவில்லை. சுற்றிலும் இருந்த பவளப் பார்களை மனிதர் கடப்பாறை கொண்டு பெயர்த்தெடுத்தனர். அலையைத் தாங்கி நின்ற அரண் போயிற்று. அரணின் பின்னிருந்த மணலும் போயிற்று.

பவளப் பார் வெறும் கல்லன்று. எண்ணற்ற சிற்றுயிர்கள் கூடிக் கடல்நீரிலுள்ள சுண்ணத்தைப் பிரித்தெடுத்துத் தலைமுறை தலைமுறையாகக் கட்டிய வீடு அது. அவ்வுயிர்களின் உடலுள் ஒருவகை நுண்பாசி குடியிருந்து, வெயிலைக் கொண்டு உணவு சமைத்து, தனக்கு இடந்தந்த உயிர்க்குப் பங்கிடுகிறது. அந்தப் பாரின் இடுக்குகளில் மீன்களும் இறால்களும் குஞ்சு பொரித்து வளர்கின்றன. ஆகவே பாரை உடைத்து விற்றவன் கல்லை மாத்திரம் விற்றானல்லன். நாளைய மீனையும் சேர்த்து விற்றான்.

பல்லாண்டுகள் இவ்வியாபாரம் சுண்ணாம்புக் காளவாய்க்கும் தொழிற்சாலைக்கும் கட்டடத்துக்குமாகத் தங்குதடையின்றி நடந்தது. 1986-இல் இத்தீவுகள் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா ஆயின. 1989-இல் வளைகுடாவின் இந்தியப் பகுதி உயிர்க்கோளக் காப்பகம் எனப்பட்டது. ஆயினும் கல் எடுப்பது நிற்கவில்லை. 2001-இல் கற்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை எழுந்தபோது, தீவும் பாரும் கரைக்கு எத்தகைய காவல் என்பது மீனவர் உள்ளத்தில் பதிந்தது. 2005-இல் கல்லெடுப்பு ஓய்ந்தது. இதில் நாம் கவனிக்க வேண்டுவது யாதெனில், பூங்கா என்ற அறிவிப்பு வந்து ஏறக்குறைய இருபதாண்டுகள் ஆகியும் தனித்துச் சாதிக்காததை, சட்டத்தின் கடுமையும் ஊராரின் சம்மதமும் கூடிய பின்னரே சாதித்தன என்பதாம்.

நின்றது அழிவு, ஆக்கம் எவ்வாறு? தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002 முதல் இவ்வேலையில் முனைந்துள்ளனர். நலமாயுள்ள பவளத்தினின்று சிறு கிளைகளை எடுத்து, சிமெண்டுப் பலகைகளில் கட்டி, சிதைந்த இடங்களில் வைக்கின்றனர். கிளை பற்றிக்கொண்டு வளர்ந்து பலகையை மூடுகிறது. பின்னர் மீன் வந்து சேர்கிறது. தேய்ந்துகொண்டிருந்த வான் தீவைச் சூழ 2015 தொடங்கிச் செயற்கைப் பார்களை இறக்கி அலையின் வேகத்தைத் தணித்துள்ளனர். தோட்டக்காரன் பதியம் போடுவது போன்ற பொறுமையான தொழில் இது. ஆனால் வேலியில்லாத தோட்டத்தில் பதியம் போட்டு என்ன பயன்? அந்த வேலி கரைவாழ் ஜனங்களே என்பது நமது துணிபு.

"மீனவர்களே கெடுப்பவர்கள், அவர்களை விலக்கினால் கடல் பிழைக்கும்" என்று சொல்வாருண்டு. இவ்வாதம் சாட்சியத்தின் முன் நிற்காது. பாம்பனையடுத்த சின்னப்பாலம் முதலிய ஊர்ப் பெண்கள் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூழ்கிக் கடற்பாசி பறித்துப் பிழைப்பவர்கள். தீவுகள் பூங்காவானபின் அவர்கள் தொழில் குற்றமாயிற்று. அப்பெண்கள் வழக்காடுவதோடு நின்றாரில்லை. மாதத்தில் 12 நாளே பாசி எடுப்பதென்றும், பவளத்தைச் சுரண்டும் கருவிகளை விடுவதென்றும் தாங்களே கட்டுப்பாடு செய்துகொண்டனர். அவர்களுக்கு முன்னின்ற லட்சுமி மூர்த்தி என்னும் அம்மையார்க்கு 2015-இல் சீகாலஜி பரிசு கிடைத்தது. பள்ளிப் படிப்பு வாய்க்காத பெண்கள் தம் வருவாயைத் தாமே குறுக்கி விதித்துக்கொண்ட விதி, எந்தச் சட்டசபை இயற்றிய விதிக்கும் தாழ்ந்ததன்று.

மறுபுறம் நோக்குவோம். கரையிலிருந்து குறித்ததோர் எல்லை வரை விசைப்படகு மீன்பிடித்தலாகாது என்று 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் விதித்திருக்கிறது. அவ்வெல்லைக்குள் இழுவைமடி புகுந்து கடலடியைச் சுரண்டுகிறதென்பது நாட்டுப்படகுக்காரர்களின் ஓயாத முறையீடு. கழுத்தளவு நீரில் நின்று பாசி பறிப்பவளைப் பிடிக்க நீளும் சட்டத்தின் கை, பெரிய படகைக் கண்டால் மடங்கலாமோ? எளியோரிடத்தில் மட்டும் கடுமை காட்டும் காவலைக் கரையோரத்தார் தம் காவலாக ஒருகாலும் கொள்ளார்.

இன்னுமோர் உண்மையை மறைத்தல் தகாது. கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறினால் பவளம் தன்னுள் உறையும் பாசியை வெளியேற்றி வெளுக்கிறது. சூடு நீடித்தால் மடிகிறது. 2010-இலும் 2016-இலும் மன்னார் வளைகுடா இக்கேட்டைக் கண்டது. 2024-இல் உலகெங்கும் நான்காம் முறையாகப் பவளம் வெளுத்தலை விஞ்ஞானிகள் அறிவித்தனர். புகைபோக்கிகள் உலகெங்கும் கக்கும் கரியை இராமேசுவரத்து மீனவன் தடுக்க வல்லனல்லன். ஆயினும், உடைப்பும் சேறும் கழிவும் வலையும் இல்லாத பார், வெப்பத்தின் அடிபட்டும் தேறி எழ வாய்ப்புண்டு. முன்னமே நலிந்த பாருக்கு அவ்வாய்ப்பு அரிது. நம் கைக்குள் அடங்கியதை நாம் செய்யாதிருக்க உலக வெப்பம் ஒரு சாக்காகாது.

ஆதலின் சர்க்காரிடம் நாம் வற்புறுத்துவன மூன்று. பவளம் நடும் வேலையிலும் காவலிலும் உள்ளூராரை முறையான ஊதியத்துடன் அமர்த்துக. தீவுகளைப் பற்றி எந்தத் தீர்மானம் செய்யுமுன்னும், பாசி பறிக்கும் பெண்கள் உட்பட ஊராரைக் கேட்டுச் செய்க. சட்டத்தைப் பெரும்படகு, சிறுபடகு என்று பாராது நடத்துக. பொதுஜன ஊழியர்களும் பட்டணத்து மேடைகளோடு நில்லாமல் அக்கரையோர ஊர்களுக்குச் சென்று, அவர்கள் குறையைக் கேட்டு, சபைகளில் எடுத்துரைக்கக் கடமைப்பட்டவர்கள். எஞ்சிய 19 தீவுகளின் எண் நம் காலத்தில் மேலும் குறைந்ததென்று வருங்காலத்தார் எழுத இடங்கொடோம்.