கம்பி மேலேயா, கீழேயா?

வீடு கட்டும் இடத்தில் பலர் வேலை செய்கிறார்கள். கொத்தனார், கம்பி கட்டுபவர், கலவை சுமக்கும் சித்தாள் என்று எல்லாரும் இருக்கிறார்கள். இரண்டு சுவர்களின் மேல் கிடக்கும் பீமில் கம்பி வைக்கிறார்கள். ஜன்னலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடிலும் கம்பி வைக்கிறார்கள். ஆனால் பீமில் முக்கியமான கம்பி அடிப்பக்கம் இருக்கும். சன்ஷேடில் மேல்பக்கம் இருக்கும். ஏன் இப்படி? இடம் மாறினால் என்ன ஆகும்?

செருப்பை வைத்து ஒரு சோதனை

பழைய ரப்பர் செருப்பு ஒன்றை எடுங்கள். வாரைக் கழற்றிவிடுங்கள். செருப்பின் பக்கவாட்டில், மேலிருந்து கீழாகப் பேனாவால் கோடுகள் போடுங்கள். கோட்டுக்குக் கோடு ஒரு விரல் இடைவெளி இருக்கட்டும். இரண்டு செங்கற்களைத் தள்ளி வையுங்கள். அவற்றின் மேல் செருப்பைப் பாலம் போல வையுங்கள். நடுவில் அழுத்துங்கள்.

கோடுகளைப் பாருங்கள். மேல்பக்கத்தில் கோடுகள் நெருங்குகின்றன. கீழ்ப்பக்கத்தில் விலகுகின்றன. மேலே ரப்பர் நசுங்குகிறது. கீழே நீள்கிறது. நசுக்கும் விசைக்கு அமுக்கு விசை என்று பெயர். இழுக்கும் விசைக்கு இழுவிசை என்று பெயர். ஒரு பொருள் வளையும்போது இந்த இரண்டும் சேர்ந்தே வருகின்றன. இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய பகுதி நீள்வதும் இல்லை, நசுங்குவதும் இல்லை.

பீமும் இப்படித்தான். பாரம் ஏறியதும் வளைகிறது. அந்த வளைவு கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் அதன் அடிப்பக்கத்தில் இழுப்பு உண்டாகிறது.

காங்கிரீட்டின் பலவீனம்

காங்கிரீட் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும். இழுப்பை அப்படித் தாங்காது. அமுக்கத்தில் தாங்குவதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் இழுப்பில் தாங்கும். பிறகு விரிசல் விடும். இரும்புக் கம்பி இழுப்பை நன்றாகத் தாங்கும். அதனால்தான் இழுப்பு வரும் பக்கத்தில் கம்பி வைக்கிறார்கள்.

கல்லும் காங்கிரீட்டைப் போன்றதே. இழுத்தால் விரியும். இதைப் பழைய சிற்பிகளும் அறிந்திருந்தார்கள். ஒடிசாவில் உள்ள கோனார்க் சூரியக் கோயில் 13ஆம் நூற்றாண்டில் கட்டியது. அங்கே கல்லைத் தாங்கப் பெரிய இரும்பு உத்திரங்களை வைத்தார்கள்.

சன்ஷேடில் எல்லாம் தலைகீழ்

அதே செருப்பின் ஒரு பாதியை மேசை மேல் வையுங்கள். அதன் மேல் கனமான கல்லை ஏற்றுங்கள். மறுபாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். நுனியை அழுத்துங்கள். இப்போது மேல்பக்கக் கோடுகள் விலகுகின்றன. கீழ்ப்பக்கக் கோடுகள் நெருங்குகின்றன.

சன்ஷேடுக்கும் பால்கனிக்கும் ஒரு பக்கம்தான் பிடிப்பு. மறுபக்கம் அந்தரத்தில் நிற்கிறது. அதனால் இழுப்பு மேல்பக்கம் வருகிறது. கம்பியும் மேல்பக்கம் இருக்க வேண்டும்.

ஆபத்து எங்கே வருகிறது?

பல இடங்களில் கம்பியைச் சரியாகவே கட்டுகிறார்கள். காங்கிரீட் போடும்போது அதன் மேல் ஏறி நடக்கிறார்கள். மேலே இருந்த கம்பி அடிக்குப் போய்விடுகிறது. காங்கிரீட் அதை மூடிவிடுகிறது. பிறகு யாருக்கும் தெரியாது. முட்டுக் கம்புகளை எடுக்கும்போது சுவரோரம் விரிசல் விட்டு, சன்ஷேடு அப்படியே விழக்கூடும். அப்போது கீழே நிற்பவர் பெரும்பாலும் ஒரு தொழிலாளிதான். அன்று விழாவிட்டால், பிறகு வெள்ளையடிக்க அதன் மேல் ஏறுபவருக்கு ஆபத்து.

செய்ய வேண்டியவை

1. மேல் கம்பியின் அடியில், கம்பியை வளைத்துச் செய்த 'சேர்' வைக்க வேண்டும். அப்போது கம்பி இறங்காது.

2. கம்பியின் மேல் நடக்கக் கூடாது. கம்பியில் பாரம் ஏறாதபடி பலகை போட்டு நடக்க வேண்டும்.

3. சன்ஷேடு கம்பி லிண்டலுக்குள் நன்றாகப் போய்ப் பிடித்திருக்க வேண்டும்.

4. பீமின் அடிக்கம்பி பலகையைத் தொடக் கூடாது. அடியில் கவர் பிளாக் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பி துருப்பிடிக்கும்.

5. சாதாரண சிமென்ட் என்றால், 6 மீட்டர் வரை இடைவெளி உள்ள பீமுக்கு முட்டு 14 நாளாவது இருக்க வேண்டும். அதற்கு மேல் என்றால் 21 நாள். இது ஐஎஸ் 456 என்ற இந்தியத் தர விதி. கலப்பு சிமென்ட்டுக்கு இன்னும் நாள் கூடும்.

6. பீமுக்கு நடு முட்டை முதலில் எடுக்க வேண்டும். சன்ஷேடுக்கு நுனி முட்டை முதலில் எடுத்து, சுவரை நோக்கி வர வேண்டும்.

கம்பி இறங்கிவிட்டதை முதலில் பார்ப்பவர் சித்தாளாகவும் இருக்கலாம். "மேஸ்திரி, கம்பி கீழே போயிடுச்சு, தூக்கி வையுங்க" என்று அவர் தயங்காமல் சொல்ல வேண்டும். மேஸ்திரியும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். காங்கிரீட் இறுகுவதற்கு முன் இதைச் சரிசெய்யச் சில நிமிடம் போதும். இறுகிய பிறகு இடித்துத்தான் கட்ட வேண்டும்.