வெல்டிங் மெஷின் வாங்கப் போறீங்களா? முதலில் வீட்டு ப்ளக்கைப் பாருங்க!

மொட்டை மாடியில் செடித் தொட்டிகளுக்கு ஒரு ஸ்டாண்டு, பைக்குக்கு ஒரு கேரியர், வொர்க் ஃப்ரம் ஹோம் மேசைக்கு நாலு இரும்புக் கால். இப்படி ஆரம்பிக்கும் ஆசை, கொஞ்ச நாளில் 'நாமளே ஒரு வெல்டிங் மெஷின் வாங்கினா என்ன?' என்ற இடத்தில் வந்து நிற்கும். ஆன்லைனில் தேடினால் 5,000 ரூபாய்க்குப் பக்கத்திலேயே '200 ஆம்ப்' என்று கொட்டை எழுத்தில் போட்ட மெஷின்கள் வரிசை கட்டுகின்றன. இன்னும் கொஞ்சம் போட்டால் 250 ஆம்ப். எண் பெருசா இருந்தா வேலையும் பெருசா நடக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆனால் சைதாப்பேட்டை மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளும், மாடிக்கு ஒரு குடித்தனமும் உள்ள பகுதியில், எவ்வளவு வெல்டிங் செய்ய முடியும் என்பதைப் பெட்டியில் இருக்கும் எண் முடிவு செய்வதில்லை. சுவரில் இருக்கும் ப்ளக் பாயின்ட்தான் முடிவு செய்கிறது. இது புரிந்துவிட்டால் எங்கே காசு போட வேண்டும், எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்பதும் புரிந்துவிடும்.

வாங்கத்தான் வேண்டுமா?

ஒரே ஒரு ஸ்டாண்டுதான் தேவை என்றால் மெஷின் வேண்டாம். தெருவுக்குத் தெரு கிரில் பட்டறை இருக்கிறது. அளவு எழுதிக் கொடுத்தால் இரும்பு, கூலி, பெயின்ட் எல்லாம் சேர்ந்தும் மெஷின் விலைக்குக் கீழேதான் முடியும். பல வேலைகள் வரிசையில் இருக்கின்றன, கற்றுக்கொள்ளும் ஆசையும் இருக்கிறது, மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமையாவது ஒதுக்க முடியும் என்பவர்களுக்குத்தான் சொந்த மெஷின் கட்டுப்படியாகும்.

ஆர்க், மிக், டிக்: எது முதலில்?

ஆர்க் வெல்டிங்கில் மேல்பூச்சு உள்ள ராடுதான் எல்லாம். ராடு உருகி இரும்போடு சேரும். பூச்சு எரிந்து, காற்று உள்ளே வராமல் காக்கும். கேஸ் சிலிண்டர் தேவையில்லை. பூச்சுள்ள ராடைக் கண்டுபிடித்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த ஆஸ்கர் ஷெல்பெரி. 1904இல் அவர் தொடங்கிய ஈசாப் நிறுவனத்தின் இந்தியக் கிளைக்கு இன்று சென்னை அம்பத்தூர்தான் தலைமையிடம்.

மிக் மெஷினில் கம்பி தானாக வந்துகொண்டே இருக்கும். மெல்லிய தகட்டுக்கு நல்லது, பழகுவதும் சுலபம். ஆனால் சிலிண்டர், ரெகுலேட்டர், ரீஃபில் என்று செலவு தொடரும். கேஸ் தேவைப்படாத ஃப்ளக்ஸ் கம்பியிலும் ஓட்டலாம். அந்தக் கம்பி விலை கூடுதல். டிக் வெல்டிங் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு அழகாக வரும், ஆனால் ஆர்கான் கேஸும் நிறைய பொறுமையும் வேண்டும்.

வீட்டில் செய்யும் பெரும்பாலான வேலைகள் 16 கேஜ் ஸ்கொயர் டியூப், 3 மி.மீ. எல் ஆங்கிள் அளவிலேயே முடிந்துவிடும். 16 கேஜ் என்பது சுமார் 1.6 மி.மீ. கனம். இதற்குக் கையடக்கமான ஐஜிபிடி இன்வெர்ட்டர் ஆர்க் மெஷின் போதும். இதற்கும் பவர்கட்டுக்கு வைக்கும் வீட்டு இன்வெர்ட்டருக்கும் சம்பந்தமில்லை. பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷின் நொடிக்கு 50 சுழற்சி கொண்ட மின்சாரத்தை அப்படியே மாற்றுவதால் உள்ளே பெரிய இரும்புக் கட்டையும் காப்பர் சுற்றும் வேண்டும். தூக்க இரண்டு பேர் வேண்டும். இன்வெர்ட்டர் மெஷின் அதே மின்சாரத்தை நொடிக்குப் பல ஆயிரம் சுழற்சியாக மாற்றிவிடுகிறது. அந்த வேகத்தில் சின்ன டிரான்ஸ்ஃபார்மரே போதும் என்பதால் மெஷினை ஒரு கையில் தூக்கி மாடி ஏறலாம்.

200 ஆம்ப் கணக்கு

ஆர்க் வெல்டிங்கில் எத்தனை ஆம்புக்கு எத்தனை வோல்ட் என்பதற்கு ஒரு நிலையான கணக்கு உண்டு. ஆம்பை 0.04 ஆல் பெருக்கி 20 கூட்ட வேண்டும். 200 ஆம்ப் என்றால் 28 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 5,600 வாட். மெஷினில் எந்த இழப்பும் இல்லை என்றே வைத்தாலும், 230 வோல்ட் வீட்டு லைனிலிருந்து 24 ஆம்ப் இழுக்க வேண்டும். விலை மலிவான மெஷின்களில் உள்ள இழப்பையும் பவர் ஃபேக்டரையும் சேர்த்தால் அது 40 ஆம்பைத் தாண்டும். வீட்டில் இருக்கும் பெரிய ப்ளக் பாயின்ட் 16 ஆம்புக்கு உரியது. அதாவது 200 ஆம்ப் மெஷினை 200இல் வைத்து ஓட்ட அந்த வீட்டில் வழியே இல்லை.

சரி, 16 ஆம்ப் பாயின்ட்டில் என்னதான் செய்ய முடியும்? 80 ஆம்பில் வைத்தால் ஆர்க் சுமார் 23 வோல்ட், வெளியே வருவது 1,850 வாட். லைனிலிருந்து இழுப்பது 14, 15 ஆம்ப் அளவில் நிற்கும். 2.5 மி.மீ. ராடுக்குத் தேவைப்படுவது சுமார் 60 முதல் 90 ஆம்ப்தான். ஹாபி வேலைக்கு இது தாராளம். 1.6 மி.மீ. டியூபை 120 ஆம்பில் தொட்டால் ஒட்டாது, ஓட்டைதான் விழும்.

ஆக, 250 ஆம்ப் என்ற எழுத்துக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் காசு வீட்டில் பயன்படாத காசு. ஒரு விஷயம் மட்டும் உண்மை: 160 அல்லது 200 ஆம்ப் மெஷினை 80இல் ஓட்டினால் அது சூடாகாமல் நீண்ட நாள் உழைக்கும். அதற்காக வாங்கலாம், அதற்கு மேல் தேவையில்லை.

'டூட்டி சைக்கிள்' என்றால்?

10 நிமிடத்தில் எத்தனை நிமிடம் தொடர்ந்து பற்றவைக்கலாம் என்பதே டூட்டி சைக்கிள். 160 ஆம்பில் 60 சதவீதம் என்றால் 6 நிமிடம் வேலை, 4 நிமிடம் ஓய்வு. சர்வதேச அளவுகோல்படி இதை 40 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் கணக்கிட வேண்டும். குறைந்த வெப்பத்தில் கணக்கிட்டு எண்ணைப் பெரிதாகக் காட்டும் மெஷின்களும் உண்டு. சென்னை மே மாத வெயிலில் மொட்டை மாடியில் அந்தக் கணக்கு செல்லாது.

அதற்காகப் பயப்படவும் வேண்டாம். ஒரு 2.5 மி.மீ. ராடு ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். பிறகு ஸ்லாக் தட்ட வேண்டும், பிரஷ் போட வேண்டும், அடுத்த ராடு மாட்ட வேண்டும். புதிதாகப் பழகுபவருக்கு மெஷினைவிடக் கைதான் அதிக ஓய்வு கேட்கும்.

கடையில் பெட்டியைப் படிக்காமல், மெஷினின் பின்புறமோ பக்கவாட்டிலோ ஒட்டியிருக்கும் ரேட்டிங் பிளேட்டைப் படிக்க வேண்டும். மாடல் பெயரில் 200 என்று இருக்கும், பிளேட்டில் வேறு எண் இருக்கும். எந்த ஆம்பில் எத்தனை சதவீதம், லைனிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு இழுக்கும், எத்தனை வோல்ட்டிலிருந்து வேலை செய்யும் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். கோடை இரவில் எல்லா ஏசியும் ஓடும்போது லோ வோல்டேஜ் வரும் தெருக்களில் மூன்றாவது எண் முக்கியம். பிளேட்டே இல்லாத மெஷினை விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடலாம்.

"அண்ணே, வீட்டு லைன்ல ஓடுமா?"

கடையில் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. "தாராளமா ஓடும் தம்பி" என்ற பதிலும் உடனே வரும். ஓடும்தான். ஆனால் வீட்டில் சில விஷயங்களைப் பார்த்த பிறகே ஓட்ட வேண்டும்.

ஏசிக்குத் தனியாக இழுத்த லைன் இருந்தால் அதுவே நல்லது. பழைய வீடுகளில் பெரிய ப்ளக் மாட்டியிருப்பார்கள், உள்ளே போகும் வயர் மெல்லியதாக இருக்கும். எலக்ட்ரீஷியனை ஒருமுறை அழைத்து வயர், எம்சிபி, எர்த் மூன்றையும் பார்க்கச் சொல்வது மெஷினுக்கு முன்னால் செய்ய வேண்டிய செலவு. அந்தப் பாயின்ட் யுபிஎஸ் லைனில் இருக்கவே கூடாது. எக்ஸ்டென்ஷன் தேவை என்றால் குறைந்தது 2.5 சதுர மி.மீ. காப்பர் வயர், சுருட்டி வைக்காமல் முழுவதும் விரித்துத்தான் பயன்படுத்த வேண்டும். சுருளில் சூடு தங்கி வயர் உருகும்.

வாடகை வீடு என்றால் ஹவுஸ் ஓனரிடம் சொல்லிவிடுவது நல்லது. இன்னொன்று, வீட்டு இணைப்பு வீட்டு உபயோகத்துக்கு மட்டும்தான். அக்கம்பக்கத்தில் காசு வாங்கி வேலை செய்ய ஆரம்பித்தால் அது 2003 மின்சாரச் சட்டத்தின் 126ஆவது பிரிவில் அனுமதியற்ற பயன்பாடாகிவிடும். அதற்கு இபியில் வேறு இணைப்பு வாங்க வேண்டும்.

12,000 ரூபாயை எப்படிப் பிரிப்பது?

கையில் 12,000 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முழுவதையும் மெஷினுக்கே கொடுத்தால் அது பெட்டியிலேயே இருக்கும். ஒரு வழி இது: மெஷினுக்குச் சுமார் 6,500. தானாகக் கருக்கும் ஆட்டோ டார்க் ஹெல்மெட்டுக்கு 1,500. 4 இன்ச் கிரைண்டருக்கு 2,000. லெதர் கிளவுஸ், ஏப்ரன், கண்ணாடிக்கு 1,000. ராடு, சிப்பிங் ஹேமர், வயர் பிரஷ், பழகுவதற்கு இரும்புத் துண்டு எல்லாம் சேர்த்து மீதி 1,000. கடைக்குக் கடை விலை மாறும். மெஷினுக்குப் பாதியைவிடக் கொஞ்சம் கூட, அதற்கு மேல் வேண்டாம் என்பதே கணக்கு.

ராடு 6013 வகையாக இருந்தால் புதியவர் கைக்கு எளிதாகப் பிடிபடும். பாக்கெட்டில் ஐஎஸ் 814 என்ற தர எண் இருக்கிறதா என்று பார்க்கலாம். மழைக்காலத்தில் ராடு ஈரம் குடிக்கும் என்பதால் மூடிய டப்பாவில் வைக்க வேண்டும். பழகுவதற்குப் புது இரும்பு வாங்க வேண்டாம். பட்டறைகளில் மிஞ்சும் வெட்டுத் துண்டுகளை எடைக்குக் கேட்கலாம், புதுப்பேட்டை பக்கமும் பழைய இரும்பு கிடைக்கும்.

செகண்ட் ஹேண்ட் மெஷின் வாங்குவதிலும் தப்பில்லை. ஆனால் 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களைப் பார்த்த ஊர் இது. அடையாறு கரையோரம் விற்பனைக்கு வரும் மெஷினைக் கழற்றிப் பார்க்காமல், தண்ணீரில் மூழ்கியதா என்று கேட்காமல் வாங்கக் கூடாது. சர்க்யூட் போர்டில் சேறோ பச்சைப் பூப்போ இருந்தால் வேண்டாம். பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷின் மலிவாகக் கிடைத்தாலும், அவற்றில் பல இரண்டு ஃபேஸில் ஓடுபவை. வீட்டுச் சிங்கிள் ஃபேஸில் அவை வேலைக்கு ஆகாது.

கண்ணுக்கு விலை போட முடியாது

ஆர்க் வெளிச்சத்தில் புற ஊதாக் கதிர் இருக்கிறது. வெறும் கண்ணால் சில நொடிகள் பார்த்தால்கூடக் கருவிழியின் மேற்பரப்பு வெந்துபோகும். உடனே ஒன்றும் தெரியாது. ராத்திரி தூங்கப் போகும் நேரத்தில் கண்ணில் மணலைக் கொட்டினதுபோல எரியும், தண்ணீர் கொட்டும். தாய்ப்பால் விடுவது, உருளைக்கிழங்கு வைப்பது எல்லாம் மருந்தல்ல, கிருமித் தொற்றுதான் வரும். கண் மருத்துவரிடம் போக வேண்டும். 1819இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை சைதாப்பேட்டையிலிருந்து மின்சார ரயிலில் போகிற தூரம்தான்.

2.5 மி.மீ. ராடுக்கு ஷேடு 10 கண்ணாடி பொருத்தமானது. கூலிங் கிளாஸ் எந்த வகையிலும் உதவாது. ஹெல்மெட் போட்டவர் தப்பிவிடுவார், வேடிக்கை பார்க்கும் பக்கத்து வீட்டுக் குழந்தை தப்பாது. அதனால் ஒரு மறைப்புத் திரையும் தேவை. சாதாரண துணி வேண்டாம், தீப்பிடிக்காத திரையோ தகரமோ வேண்டும்.

வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் 2017இல் சேர்த்தது உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு அமைப்பான ஐஏஆர்சி. எனவே மூடிய அறையில் வேலை செய்யவே கூடாது. ஜிஐ பைப்பில் துத்தநாகப் பூச்சு இருக்கும்; அதை அப்படியே பற்றவைத்தால் வரும் வெள்ளைப் புகை குளிர் காய்ச்சலைக் கொடுக்கும். பழகுபவர்கள் ஜிஐயைத் தொடாமல் இருப்பதே நல்லது.

தீப்பொறி பத்து மீட்டர் தூரம்கூடப் போகும். கொடியில் காயும் துணி, பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி, கேஸ் சிலிண்டர் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. மணல் வாளி ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் கீழே இறங்கிவிடாமல் அரை மணி நேரமாவது அங்கேயே இருந்து பார்க்க வேண்டும். மழை ஈரம் காயாத மாடியிலும், வியர்வையில் நனைந்த கிளவுஸோடும் ராடைத் தொடக் கூடாது. பற்றவைக்காமல் சும்மா இருக்கும்போதும் ஹோல்டரில் 60 முதல் 80 வோல்ட் வரை இருக்கும்.

எங்கே கற்றுக்கொள்வது?

மறைமலை அடிகள் பாலத்தைத் தாண்டினால் கிண்டி. 1958இல் உருவான தொழிற்பேட்டையும், அரசு ஐடிஐயும் அங்கேதான். ஐடிஐயில் வெல்டர் படிப்பு ஓராண்டு. வேலைக்குப் போகிறவர்களுக்கு அது முடியாது. தெரிந்த பட்டறையில் ஒரு வாரக் கடைசி நின்று பார்த்து, மாஸ்டரிடம் கேட்டு நாலு ராடு எரித்துப் பார்ப்பதே நடக்கக்கூடிய வழி. ராடு ஒட்டிக்கொள்வதும், ஆர்க் அணைந்துபோவதும், கை நடுங்குவதும் அங்கேயே தெரிந்துவிடும். அதற்குப் பிறகும் ஆசை அப்படியே இருந்தால் மெஷின் வாங்கலாம்.

பழகியது ஒரு மாதம்தான் என்றால் செடி ஸ்டாண்டு, மேசைக் கால், ஷூ ரேக் போதும். மாடிப்படிக் கைப்பிடி, பால்கனி கிரில், ஊஞ்சல் கொக்கி, பைக் கேரியர் இவற்றின் மேல் ஓர் ஆளின் உயிர் நிற்கிறது. இரண்டு துண்டு ஒட்டியதுபோலத் தெரிவது வேறு, உள்ளே உருகிச் சேர்ந்திருப்பது வேறு. அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிற வரை அந்த வேலைகளைப் பட்டறைக்காரரிடமே கொடுக்கலாம்.