பொதுப்பார்வைக்கு வெளியே நடப்பவை: நாம் ஏன் சிறுகதை எழுத வேண்டும்?

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் ஒரு புகாரை எழுத அமரும்போது நாம் முதலில் கேட்பவை நான்கு: எந்த நாள், எந்த இடம், என்ன சொன்னார்கள், யார் கேட்டார்கள். 1989ஆம் ஆண்டின் அச்சட்டத்தில் பிரிவு 3(1)(ஆர்) இன்படி, இழிவுபடுத்தல் பொதுப்பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நடந்திருக்க வேண்டும். வீட்டின் நான்கு சுவர்களுக்குள், வெளியார் எவரும் இல்லாதபோது சொல்லப்பட்ட சொல் இப்பிரிவுக்குள் வராது என்று 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. தீர்ப்பை நாம் விமர்சிக்கலாம், விமர்சிக்கவும் வேண்டும். ஆனால், ஊரையும் தெருவையும் விசாரித்த பிறகு "வீடு ஏற்கெனவே பேசி முடித்தாயிற்று" என்று சொல்லும் வீட்டுக்காரரின் குரலுக்கோ, தோழியின் வீட்டில் தனியாக எடுத்து வைக்கப்படும் தம்ளருக்கோ எந்தத் தீர்ப்பு வந்தாலும் சாட்சி கிடைப்பது அரிது.

மராத்தி எழுத்தாளர் பாபுராவ் பாகுலின் முதல் சிறுகதைத் தொகுப்பு 1963இல் வெளிவந்தது. 'நான் சாதியை மறைத்தபோது' என்பது அதன் தலைப்பின் பொருள். தலைப்புக் கதையில், குஜராத்தில் ரயில்வே வேலைக்குச் செல்லும் இளைஞன் ஒருவன் தன் சாதியை வெளியிடாமல் ஒரு வீட்டில் அறை எடுக்கிறான். அவனை மதித்து உபசரித்தவர்களே, உண்மை தெரிந்ததும் அடிக்கிறார்கள். காவல்துறை ஏட்டில் இது ஓர் அடிதடியாக மட்டுமே பதிவாகும். கதை பதிவு செய்வது அடிக்கு முந்தைய நாள்களை: மரியாதையை அனுபவித்துக்கொண்டே ஒவ்வொரு கணமும் பிடிபடுவோமோ என்று அஞ்சும் மனத்தை. நகரத்தில் அறை தேடும் நம் மாணவர்கள் எவருக்கும் இதற்கு அருஞ்சொற்பொருள் தேவைப்படாது. இந்தத் தொகுப்பு ஆங்கிலத்துக்கு வந்தது 2018இல்தான் என்பதையும் நினைவில் கொள்வோம்.

எதிர்த்தரப்பின் மனத்துக்குள் நுழையவும் சிறுகதையால் முடிகிறது. இமையத்தின் 'பெத்தவன்' 2012இல் வெளிவந்தது. தலித் இளைஞனை விரும்பிய மகளைக் கொன்றுவிடு என்று ஊர் ஒரு தந்தைக்கு ஆணையிடுகிறது. அவர் மகளை அனுப்பிவைத்துவிட்டுத் தன்னை மாய்த்துக்கொள்கிறார். அதே ஆண்டு நவம்பர் 7 அன்று தருமபுரியில், ஒரு கலப்புத் திருமணத்தையும் பெண்ணின் தந்தையின் தற்கொலையையும் தொடர்ந்து நத்தம் காலனி உள்ளிட்ட குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. யார் தீ வைத்தார் என்று குற்றப்பத்திரிகை கேட்கும். ஒரு தந்தையை ஊர் எப்படி நெருக்கிக் கொல்கிறது என்று கேட்க அதில் இடமில்லை; அந்தக் கேள்வி கதையில் இருக்கிறது.

எழுதி மேசை இழுப்பறையில் வைத்தால் போதாதா? போதாது. நாவலுக்கு வேண்டிய ஓய்வு கூலி வேலைக்குச் செல்பவரிடமோ, பகுதிநேர வேலை பார்த்துப் படிப்பவரிடமோ இருப்பதில்லை. ஆறு பக்கக் கதைக்கு சில இரவுகள் கிடைக்கும். அது அச்சேறினால் வாசிப்பு வட்டத்தில் அரை மணி நேரத்தில் படித்து, இரண்டு மணி நேரம் சண்டையிடலாம். 1990களில் 'மனுசங்க', 'தலித் முரசு' போன்ற இதழ்கள் உருவாக்கிய வாசகப் பரப்பு இல்லாமல் தமிழில் தலித் எழுத்து இன்றைய இடத்தை எட்டியிராது.

வெளியீட்டின் ஆற்றலை நம் எதிரிகள் நன்கு அறிவார்கள். சந்தாலி எழுத்தாளரும் அரசு மருத்துவருமான ஹன்ஸ்தா சௌவேந்திர சேகரின் சிறுகதைத் தொகுப்பை 2017இல் ஜார்க்கண்ட் அரசு தடை செய்து, அவரைப் பணியிடை நீக்கமும் செய்தது. சில மாதங்களில் தடை விலகியது. 2021இல் தில்லிப் பல்கலைக்கழகம் ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து மகாசுவேதா தேவியின் 'திரௌபதி' சிறுகதையை நீக்கியது. பாமா, சுகிர்தராணி ஆகியோரின் எழுத்துகளும் உடன் நீக்கப்பட்டன. காவலில் சிதைக்கப்பட்ட பின் ஆடை உடுத்த மறுத்து அதிகாரியின் முன் நிற்கும் பழங்குடிப் பெண்ணைப் பற்றிய, 1970களில் எழுதப்பட்ட சில பக்கங்கள் அவை. சில பக்கங்களுக்கே இந்த அச்சம்.

எழுதுவோருக்கு வழக்கறிஞர்களாக நாம் சொல்ல வேண்டியவை கொஞ்சம் உண்டு. உண்மைச் சம்பவத்திலிருந்து கதை பிறந்தால் பெயரை மட்டும் மாற்றினால் போதாது. ஊர், தொழில், உறவுமுறை ஆகியவற்றையும் மாற்றுங்கள். பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானவரை அடையாளம் காட்டுவது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 72இன்படி குற்றம். சாட்சி விசாரணை முடியாத வழக்கெனில், கதை எதிர்த்தரப்பின் கையில் ஆயுதமாகலாம். எழுதி வையுங்கள், வெளியிடும் நாளை வழக்கறிஞரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

பதிப்புரிமையில் நம் இளையோர் தொடர்ந்து ஏமாறுகிறார்கள். கதை எழுதியவுடனேயே உரிமை உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 19இன்படி எழுத்துவழி ஒப்பந்தமின்றி அவ்வுரிமையை எவருக்கும் மாற்றித்தர முடியாது. ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் 5 ஆண்டுகள் என்றே கொள்ளப்படும். தொகுப்புக்குக் கதை கேட்பவர் தோழராகவே இருந்தாலும், கையொப்பமிடும் முன் இரண்டு வரிகளைத் தேடிப் பாருங்கள்: உரிமை எத்தனை ஆண்டுகளுக்கு, மொழிபெயர்ப்பு உரிமை யாருக்கு.