தபாலட்டை கொடுத்த நூலகர்

நூலகர் என்றதும் மேசைக்குப் பின்னால் இருந்து புத்தகத்தில் திகதி முத்திரை குத்தித் தரும் ஒருவரே எம்மில் பலருக்கு ஞாபகம் வருவார். வாசிக்க வருபவர் வரட்டும், வராதவர் போகட்டும் என்று இருந்துவிடுபவர்களும் இல்லாமல் இல்லை. தன்னிடம் வந்துபோன பிள்ளைகளை அரசாங்கம் முள்வேலிக்குள் அடைத்தபோது, புத்தகத்தைக் கட்டி அந்த வேலிக்குள் அனுப்பிய ஒரு நூலகரைப் பற்றி வாசகியர் அறிந்திருப்பது நல்லது. அவர் பெயர் கிளாரா பிரீட்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள சான் டியாகோ துறைமுக நகரின் பொது நூலகத்தில், சிறுவர் பகுதி அவர் பொறுப்பில் இருந்தது. மீன்பிடியாலும் தோட்டச் செய்கையாலும் பிழைத்த யப்பானியக் குடும்பங்கள் அந்நகரில் வாழ்ந்தன. பெற்றோர் யப்பானிலிருந்து வந்தவர்கள். பிள்ளைகளோ அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள். பாடசாலை விட்டதும் நூலகத்துக்கு வந்துவிடும் அந்தப் பிள்ளைகளைப் பிரீட் பெயர் சொல்லி அழைக்குமளவுக்கு அறிந்திருந்தார்.

1941 டிசெம்பர் 7ஆம் திகதி யப்பான் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியது. அதன்பின் யப்பானிய முகம் கொண்ட எல்லோரும் எதிரிகளாகப் பார்க்கப்பட்டனர். பல வீடுகளில் தகப்பன்மாரைப் பொலிஸார் பிடித்துக்கொண்டு போயினர். 1942 பெப்ரவரி 19ஆம் திகதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பிறப்பித்த கட்டளையின்படி சுமார் 120,000 பேர் வீடுவாசலை விட்டு வெளியேற்றப்பட்டனர். இவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கப் பிரசைகள். குற்றச்சாட்டும் இல்லை, விசாரணையும் இல்லை. கையால் தூக்கக்கூடியதை மட்டும் எடுத்துச் செல்லலாம் என்றார்கள். எதை எடுப்பது, எதை விடுவது என்று ஒரு தாய் வாசலில் நின்று தடுமாறுவதை எமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

புறப்படுமுன் பிள்ளைகள் நூலகத்துக்கு வந்து, இரவல் எடுத்த புத்தகங்களோடு தமது அங்கத்துவ அட்டைகளையும் ஒப்படைத்தனர். அட்டையை வாங்கிக்கொண்ட பிரீட் அவர்களிடம் தபாலட்டைகளைக் கொடுத்தார். ஏப்ரல் மாதம் அவர்கள் ரயிலேறிய நாளில் புகையிரத நிலையத்துக்கும் போய் மற்றப் பிள்ளைகளுக்கும் கொடுத்தார். ஒரு சத முத்திரையுடன் அவரது விலாசமும் அதில் எழுதப்பட்டிருந்தது. எங்கே கொண்டுபோகிறார்கள், என்ன தேவை என்று எழுதிப் போட்டால் போதும் என்பதே அவர் சொன்னது. பேனை, முத்திரை தேடி அலையும் பிள்ளை கடிதம் எழுதாது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முகவரி எழுதி முத்திரையும் ஒட்டிக் கொடுத்தாரே, எனக்குப் பெரிதாகப் படுவது அதுதான்.

அட்டைகள் திரும்பி வந்தன. முதலில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு அண்மையிலுள்ள சான்டா அனிட்டா குதிரைப் பந்தயத் திடலிலிருந்து வந்தன. அங்கே 18 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தங்கவைக்கப்பட்டிருந்தனர். குதிரை லாயங்களிலேயே பல குடும்பங்கள் படுத்தெழும்பின. எவ்வளவு கழுவினாலும் அந்த மணம் போகவில்லை. சாப்பாட்டுக்கும் வரிசை, குளிப்புக்கும் வரிசை. ஓகஸ்ட் அளவில் சான் டியாகோ மக்கள் அரிசோனாப் பாலைவனத்திலுள்ள போஸ்டன் முகாமுக்கு மாற்றப்பட்டனர். (கிழக்குக் கரையிலுள்ள பெருநகரான பொஸ்டன் வேறு, இது வேறு.) வெயில் நூறு பாகை பரனைற்றைத் தாண்டிக் கொளுத்தும். காற்றடித்தால் பலகைத் தரையின் இடுக்குகளால் புழுதி உள்ளே வரும்.

பிரீட் புத்தகங்களை அனுப்பினார். முகாமுக்குச் சென்று பிள்ளைகளை நேரில் பார்த்தும் வந்தார். கடிதங்களில் பிள்ளைகள் கேட்டவை புத்தகங்கள் மட்டுமல்ல. சவர்க்காரம், தையல் நூல், சட்டைத் துணி, காலுறை, இனிப்பு என்று பட்டியல் நீண்டது. சிலர் காசுக் கட்டளையும் சேர்த்து அனுப்பி வாங்கித் தரும்படி கேட்டனர். அவர் கடை கடையாக ஏறி வாங்கிப் பொதி கட்டினார். இது நூலகரின் வேலையா என்று கேட்கலாம். சவர்க்காரத்துக்கு அலையும் பிள்ளையிடம் கதைப் புத்தகத்தை மட்டும் நீட்டினால் அது எந்த மனதோடு வாசிக்கும்? பதிலுக்குப் பிள்ளைகள் முகாமில் கிடைத்த மரத்துண்டுகளில் செதுக்கிய சிறு பொருட்களை அவருக்கு அனுப்பினார்கள்.

பொதி அனுப்புவதோடு அவர் நின்றுவிடவில்லை. 1943இல், யுத்தம் உச்சத்தில் இருந்தபோதே, சிறுவர் இலக்கியச் சஞ்சிகையான ‘ஹோர்ன் புக்’கில் இந்த அநியாயத்தைப் பகிரங்கமாக எழுதினார். ‘பிழையான மூதாதையரைக் கொண்ட அமெரிக்கர்கள்’ என்பது கட்டுரையின் தலைப்பு. அரசாங்க நூலகமொன்றில் சம்பளம் வாங்கிக்கொண்டு, ஊரே ஒரு பக்கம் நிற்கும்போது மறுபக்கம் நின்று பெயர் போட்டு எழுதுவது லேசான காரியமல்ல. அவருடைய வேலை போகவில்லை. 1945இல் நகரின் தலைமை நூலகராகி, 1970வரை அப்பதவியில் இருந்தார்.

ஆனாலும் ஒரு நூலகரால் முகாமின் கதவைத் திறக்க முடியவில்லை. பிள்ளைகள் வருடக்கணக்கில் உள்ளேயே வளர்ந்தார்கள். அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டொலர் கொடுக்கச் சட்டம் இயற்றியது 1988இல்தான். அதற்குள் பெற்றோரில் பெரும்பாலானோர் மண்ணுக்குள் போய்விட்டனர்.

தமக்கு வந்த இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட கடிதங்களையும் அட்டைகளையும் பிரீட் ஐம்பது வருடங்கள் பத்திரமாக வைத்திருந்தார். முதுமையில், அவற்றை எழுதிய சிறுமிகளில் ஒருவராக இருந்து வளர்ந்த பெண்ணிடமே ஒப்படைத்தார். 1993இல் அவை லொஸ் ஏஞ்சல்சிலுள்ள யப்பானிய அமெரிக்கர் தேசிய நூதனசாலைக்குச் சென்றன. அடுத்த வருடம் பிரீட் காலமானார். 2006இல் அக்கடிதங்களைக் கொண்டு ஒரு நூலும் வெளிவந்தது.

அவர் பிள்ளைகளுக்கு எழுதிய கடிதங்கள் பெரும்பாலும் கிடைக்கவில்லை. லாயத்திலிருந்து பாலைவனத்துக்கும் அங்கிருந்து இன்னோர் ஊருக்கும் ஒற்றைப் பெட்டியோடு போனவர்களிடம் கடிதம் எப்படித் தங்கும்? அவர் என்ன எழுதினார் என்பதைப் பிள்ளைகளின் பதில்களிலிருந்துதான் ஊகிக்க வேண்டியிருக்கிறது. பல கடிதங்கள் நன்றியோடுதான் தொடங்குகின்றன.