மூன்று மொழிகளில் வழி கேட்டல்

ஆராய்ச்சி மாணவர் வெளிநாடு செல்வது இன்று அரிய செய்தியன்று. ஆறு திங்கள் பிரான்சில் ஓர் ஆய்வுக்கூடம், பத்து நாள் ஸ்பெயினில் ஒரு மாநாடு, ஒரு பருவம் சீனப் பல்கலைக்கழகம் ஒன்றில் பயிற்சி என்று நம் விடுதியிலிருந்தே ஆண்டுதோறும் சிலர் புறப்படுகின்றனர். புறப்படுவோர் கையில் தவறாமல் ஒரு சொற்றொடர்ப் பட்டியல் இருக்கும். "நிலையம் எங்கே?", "விலை என்ன?", "இறைச்சி வேண்டா" என்பன போன்ற முப்பது நாற்பது தொடர்கள், எதிரே அவற்றின் ஒலிப்பு ஆங்கில எழுத்துகளில். அவ்வொலிப்பு லண்டனிலோ நியூயார்க்கிலோ பிறந்தவரின் நாவுக்கென எழுதப்பெற்றது. நம் நா வேறு. அதனைக் கொண்டு அப்பட்டியலைப் படித்தால் இரண்டு தவறுகள் சேர்கின்றன: ஆங்கிலேயர் செய்யும் தவறு ஒன்று, அதற்குமேல் நாம் செய்யும் தவறு ஒன்று.

கைப்பேசியே மொழிபெயர்த்துப் பேசும் காலத்தில் இக்கவலை எதற்கு என்பார் உண்டு. மருந்துக் கடையில் நீண்ட விளக்கம் தரவேண்டியிருந்தால் கைப்பேசியே துணை, அதில் ஐயமில்லை. ஆனால் பிரான்சில் ஒரு கடையின் கதவைத் திறந்ததும் "பொன்ஜூர்" என்று சொல்லாமல் நேரே விலை கேட்பவரை மரியாதை அறியாதவராகவே கருதுவர். அந்த ஒரு சொல்லைக் கைப்பேசி சொல்ல, நாம் பக்கத்தில் நிற்பது அழகாகுமா? வாழ்த்து, நன்றி, மன்னிப்பு, வழி, விலை, வலி ஆகியவற்றுக்கேனும் நம் வாய் வேண்டும். அதற்குத் தமிழ் வாய் எவ்வளவு தகுதியுடையது என்று காட்டுவதே என் நோக்கம்.

முதலில் தகரம். ஆங்கிலச் சொல்லில் வரும் அந்த எழுத்தைக் கண்டதும் நாம் 'ட' என்கிறோம். ட்ரெயின், டாக்ஸி, டிக்கெட் என்பன நம் வழக்கு. இப்பழக்கத்தோடு ஸ்பானியத்தையோ பிரெஞ்சையோ படித்தால் எல்லாம் டகரமாகிவிடும். உண்மையில் அவ்விரு மொழிகளிலும் உள்ளது பல்லைத் தொடும் தகரமே. ஸ்பானியர்க்குத் தொடர்வண்டி 'த்ரென்'. வாடகைக் கார் 'தாக்ஸி'. "எங்கே இருக்கிறது?" என்பது "தோந்தே எஸ்தா?". இதன் முதல் தகரத்தைத் 'தானம்' என்பதிற்போல மெலிதாகச் சொல்க. "டோண்டே எஸ்டா" என்றால் பெரும்பாலும் புரிந்துகொள்வர்; ஆயினும் முகத்தில் ஒரு சுளிப்பு வரும். ஆங்கிலேயர் சொற்றொடக்கத்தில் க, த, ப ஒலிகளோடு ஒரு மூச்சையும் சேர்த்தே வெளிவிடுவர். அதனை நீக்கப் பழகுவது அவர்களுக்குப் பெரும்பாடு. நமக்கோ அது பிறவியிலேயே இல்லை. தமிழன் 'தலை' என்று சொல்லும்போது வரும் தகரமே ஸ்பானியருடைய தகரம், பிரெஞ்சுக்காரருடைய தகரம்.

இன்னும் நுட்பமான ஒற்றுமை ஒன்றுண்டு. தமிழில் 'அது' என்னும் சொல்லில் தகரம் இரண்டு உயிர்களுக்கிடையே நெகிழ்ந்து ஒலிக்கிறது; 'பத்து' என்பதில் நெகிழ்வதில்லை. ஸ்பானியத்திலும் மெல்லின் வகைத் தகரம் உயிர்களுக்கிடையே இவ்வாறே நெகிழும். நாம் நன்றி சொன்னால் அவர் தரும் மறுமொழி "தே நாதா". 'ஒன்றுமில்லை, இருக்கட்டும்' என்பது பொருள். பழைய நாடகத்தில் நாயகி நாயகனை விளிப்பது போலவே சொல்லலாம், ஒலிப்புப் பிழைபடாது. ஆனால் வன்மையான தகரம் நடுவில் வந்தால் இரட்டித்ததாக எண்ணிக்கொள்ள வேண்டும். பயணச்சீட்டு ஸ்பெயினில் 'பியேத்தே', மெக்சிகோவில் 'பொலேத்தோ'. இங்கே ஒற்றைத் தகரமாக எண்ணினால் நம் நா தானாக நெகிழ்த்திவிடும்.

ஸ்பானியத்தில் மற்றவை எளியவை. உயிர் ஐந்தே. ஹகர எழுத்து எழுதப்படும், ஒலிக்கப்படாது. அதனால் வாழ்த்து 'ஓலா'. ஞகரம் நம் ஞகரமே. கழிப்பறை 'பாஞோ', நாளை 'மஞானா', ஆண்டு 'ஆஞோ'. கடைசிச் சொல்லில் ஞகரத்தை னகரமாக்கினால் வரும் பொருளை இவ்விதழில் அச்சிட இயலாது, அகராதியைப் பார்த்துக்கொள்க. 'ஆனால்' என்பது இடையின ரகரத்தோடு 'பேரோ'. நாய் என்பது வல்லின றகரத்தை உருட்டிப் 'பேறோ'. ர, ற வேறுபாட்டைப் பேச்சில் இன்னும் காத்துவரும் தென்கோடி நண்பர்களுக்கு இது விளையாட்டு. ஏனையோர் சற்றுப் பழக வேண்டும்.

வாக்கிய அமைப்பிலும் ஓர் இனிய வியப்பு. ஆங்கிலத்தில் "நான் ஒரு தலைவலியை உடையேன்" என்ற போக்கில்தான் சொல்லவேண்டும். ஸ்பானியர் சொல்வதோ "மே துவேலே லா கபேசா". சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'எனக்கு வலிக்கிறது தலை'. 'எனக்குப் பிடிக்கும்' என்பதும் அப்படியே: "மே குஸ்தா". நான்காம் வேற்றுமையில் சிந்திக்கிற நமக்கு இதனை ஆங்கிலம் வழியாக விளக்குவது, பக்கத்து வீட்டுக்கு ஊரைச் சுற்றிப் போவதைப் போன்றது.

பிரெஞ்சு இவ்வளவு இணக்கமானதன்று. எழுதுவதில் பாதியை அவர்கள் ஒலிப்பதில்லை. தலைநகரின் பெயரே அவர் வாயில் 'பாரி'. ஆயினும் அங்கும் நமக்கு வழியுண்டு. 'பொன்ஜூர்' என்பதில் நான் எழுதியுள்ள னகரம் உண்மையில் மெய்யன்று. முன்னுள்ள உயிர் மூக்கின் வழியே வருகிறது. இதனைக் கற்பிக்க ஆசிரியர்கள் மூக்கைப் பிடித்துக் காட்டுவர். நமக்கு அது வேண்டா. எழுதும்போது 'மரம்' என்று எழுதிவிட்டு, பேசும்போது இதழைக் கூட்டாமல் மூக்கால் முடிக்கிறோமே, அந்த முடிவே பிரெஞ்சுக்காரரின் 'பொன்'.

தெருவைக் குறிக்கும் 'ரூ' என்னும் சொல் அடுத்த தடை. புதுச்சேரியின் பழைய தெருப் பலகைகளில் இச்சொல்லைக் கண்டிருப்பீர்கள். 1954 நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி இந்தியாவிடம் வந்தது, 1962இல் சட்டப்படி முழுமையாக இணைந்தது, பலகைகள் நின்றுவிட்டன. இதில் வரும் உயிர் உகரமன்று, இகரமும் அன்று. 'ஈ' என்று சொல்லிக்கொண்டே, நாவை அசைக்காமல், இதழ்களை மட்டும் 'ஊ'வுக்குக் குவித்தால் அவ்வொலி பிறக்கும். இதனை நன்கு பழகிக்கொள்க. சீனத்திலும் இதே ஒலி நம்மை எதிர்கொள்ளும். ஒருமுறை உழைத்தால் இரண்டு மொழிக்கு ஊதியம்.

பிரெஞ்சில் மணி கேட்பவர் தடுமாறுவது புணர்ச்சியால். மூன்று என்பது 'த்ருவா'. மணி என்பது 'எர்'. சேர்த்துச் சொன்னால் 'த்ருவாஸெர்'. இடையில் வண்டின் ரீங்காரம்போல அதிரும் ஒரு ஸகரம் எங்கிருந்து வந்தது? எண்ணுப்பெயரின் இறுதியில் எழுத்தளவில் மறைந்திருந்த மெய், வருமொழி உயிரில் தொடங்கியதும் விழித்துக்கொண்டது. நன்னூலை நெட்டுருச் செய்து வளர்ந்த நமக்கு இது புதுமையா? எண்களோ அவர்களிடத்தில் ஒரு வேடிக்கை. தொண்ணூற்றேழு என்பதை 'நான்கு இருபது பதினேழு' என்கின்றனர். நகைக்கலாம், ஆனால் ஒன்பது பத்து என்று நேரே சொல்லாமல் நூற்றைத் துணைக்கழைத்துத் 'தொண்ணூறு' என்கிற நாம் அதிகம் நகைக்க முடியாது. பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் பிரெஞ்சு பேசுவோர் தொண்ணூற்றுக்கு 'நோனாந்த்' என்று நேராகவே சொல்கின்றனர்.

மரியாதைப் பன்மையும் நமக்குத் தெரிந்ததே. அறிமுகமில்லாதவரை நாம் 'நீங்கள்' என்கிறோம்; பிரெஞ்சில் 'வூ', ஸ்பானியத்தில் 'உஸ்தேத்'. ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு இல்லாமையால் ஆங்கிலப் பட்டியல் இதனை விளக்காமலே போய்விடுகிறது. பயணி எல்லாரிடத்தும் மரியாதை வடிவையே கற்றுக்கொண்டால் கேடில்லை.

இனிச் சீனம். மாண்டரின் என்று வழங்கும் பொதுச் சீனத்தைக் கண்டு அஞ்சாதவர் குறைவு. அச்சத்தில் பாதி எழுத்தால் வருவது. ஒலிப்பை ரோமன் எழுத்தில் குறிக்கும் 'பின்யின்' என்னும் முறையைச் சீன அரசு 1958இல் ஏற்றது. பேச மட்டும் விரும்பும் பயணி அதனைக் கொண்டு தொடங்கலாம். ஆனால் அவ்வெழுத்துகளுக்கு ஆங்கில மதிப்பைக் கொடுக்கக் கூடாது. குறிப்பாக நாம் ழகரத்தை ரோமனில் எழுதும் அதே ஈரெழுத்துகள் பின்யினில் நாவை மடித்துச் சொல்லும் ஒரு ஜகரத்தைக் குறிக்கின்றன. ழகரத்துக்கு நெருங்கிய ஒலி அங்கே வேறிடத்தில் உள்ளது. இறைச்சி என்னும் பொருளுடைய சொல் ஏறக்குறைய 'ழோ'. தமிழில் ழகரம் மொழிக்கு முதலில் வாராது, பெய்ஜிங்கில் வரும். "பூ யாவ் ழோ" என்றால் 'இறைச்சி வேண்டா'. சைவ நண்பர்கள் இதனை முதற்பாடமாகக் கொள்க.

பின்யினில் இரண்டிரண்டாக வரும் வல்லெழுத்துகளின் வேறுபாடு வன்மை மென்மையன்று, மூச்சு. இங்கேதான் வடநாட்டில் வாழ்வது நமக்கு உதவுகிறது. இந்தியில் கைதட்டல் 'தாலி'; நம் உணவகத்தில் சோறிட்டுத் தரும் தட்டும் தமிழெழுத்தில் 'தாலி'யே. ஆனால் தட்டின் முதலொலியில் மூச்சு வெடிக்கும். வாயருகே ஒரு தாள் துண்டைப் பிடித்தால் அசையும். சீனத்தில் வயிறு 'தூட்ஸ', முயலும் 'தூட்ஸ'. இரண்டுக்கும் தொனிகூட ஒன்றே. கைதட்டலின் தகரமிட்டால் வயிறு. உணவுத் தட்டின் தகரமிட்டால் முயல். மருத்துவரிடம் "வோ தூட்ஸ தெங்" என்று வயிற்று வலியைச் சொல்லப் போகிறவர் தம் முயலுக்கு வலி என்று சொல்லிவிடக் கூடாது. கடைசிச் சொல்லான 'தெங்'குக்கோ மூச்சு வேண்டும். வந்த புதிதில் இம்மூச்சொலிகளுக்காக நம்மைக் கேலி செய்த வகுப்புத் தோழர்களுக்கு நன்றி கூறுவோமாக.

தொனி நான்கு. முதலாவது தம்புராச் சுருதிபோல உயர்ந்து ஒரே மட்டத்தில் நிற்பது. இரண்டாவது, யாரேனும் அழைத்தால் "என்ன?" என்று நாம் மேலேற்றிக் கேட்பது. மூன்றாவது தாழ்ந்து வளைவது. நான்காவது, "போ!" என்று வெட்டிச் சொல்வது. நம் மொழியில் இவை மனநிலையை உணர்த்தும். எப்படிச் சொன்னாலும் 'வா' என்பது 'வா'தான். சீனத்திலோ சொல்லே மாறிவிடும். 'மாய்' என்பதை மூன்றாம் தொனியில் சொன்னால் வாங்குதல். நான்காம் தொனியில் விற்றல். ஒரு சொல் பிழைத்தால் சூழ்நிலை திருத்திக்கொள்ளும். தொடர் முழுதும் பிழைத்தால் கேட்பவர் கைவிடுவார். ஆகையால் நாற்பது தொடர்களைத் தட்டுத்தடுமாறிச் சொல்வதினும் எட்டுத் தொடர்களைத் தொனி தவறாமல் பாடிப் பழகுவதே சிறந்தது என்பேன்.

இலக்கணம் நம்மைக் கைதூக்கிவிடுகிறது. 'நீ' என்பதற்குச் சீனமும் 'நீ'. தற்செயலான ஒற்றுமை, உறவு கொண்டாட வேண்டா. வாழ்த்து "நீ ஹாவ்". வினாவாக்க ஈற்றில் 'மா' சேர்த்தால் போதும், 'நலம்' என்பதை நாம் 'நலமா' ஆக்குவது போல. கழிப்பறை எங்கே என்பதில் பொருளை முன்னும் எங்கே என்பதைப் பின்னும் வைப்பதும் நம் முறையே: "ஷீஷோஜியென் ட்ஸாய் நாலி?" பதினொன்று என்பது 'பத்து ஒன்று', இருபது என்பது 'இரண்டு பத்து'. ஒரு மாலையில் தொண்ணூற்றொன்பது வரை எண்ணலாம்.

பட்டியல்கள் சொல்லாமல் விடும் பெருங்குறை ஒன்றுண்டு. அழகாக வினவிவிடுகிறோம், அவர் ஆற்றொழுக்காக விடை சொல்கிறார், நாம் விழிக்கிறோம். ஆதலின் விடை குறுகி வருமாறு வினாவை அமைக்க வேண்டும். "எப்படிப் போவது?" என்று கேளாமல், வரைபடத்தை நீட்டி "இங்கே?" என்று கேட்பது மேல். சீனத்தில் இதற்கு ஒரு நல்ல கருவி "யோ மெய் யோ?". 'இருக்கா, இல்லையா?' என்று நம் கடைத்தெருவில் கேட்பது அப்படியே. விடை 'யோ' என்று வந்தால் இருக்கிறது. 'மெய் யோ' என்றால் இல்லை. வேறு எதுவும் காதில் விழ வேண்டியதில்லை.

அப்படியும் விளங்காவிட்டால் "திங் பு தோங்" என்க. 'காதில் விழுகிறது, விளங்கவில்லை' என்பது பொருள். முதற்சொல்லுக்கு மட்டும் மூச்சு. விலைக்கு விரலைப் பார்க்கலாம். ஆனால் ஆறு முதல் பத்து வரை சீனர் ஒரே கையால் காட்டுவர். கட்டைவிரலும் சுண்டுவிரலும் நீட்டி மற்றவை மடக்கிய கை இரண்டைக் குறிப்பதன்று, ஆறு. பணத்தை எண்ணி வைக்கும் முன் இதனை நினைவிற்கொள்க.