விலை போகாத உலோகம்

தி. நகர் நகைக்கடைகளுக்கு வேலை செய்யும் பட்டறைகளில் தரை கூட்டிய குப்பையைத் தெருவில் கொட்டுவதில்லை. அதை எரித்து, அரித்து, உருக்கிச் சிந்திய தங்கத்தை மீட்டுவிடுவார்கள். மண்ணோடு கலந்த உலோகத்தைப் பிரித்தெடுப்பது நமக்குப் புதிய வித்தை அல்ல. தங்கம் அந்த உழைப்புக்குக் கூலி கொடுத்துவிடுகிறது. பாதரசமும் குரோமியமும் கொடுப்பதில்லை. ஆலை மண் ஆண்டுக்கணக்கில் நஞ்சோடு கிடப்பதற்கு இதுவே முதல் காரணம். சந்தை அதைத் தேடி வராது; சட்டம்தான் செய்யவைக்க வேண்டும்.

கொடைக்கானல் இதற்குச் சாட்சி. அமெரிக்காவிலிருந்து 1980களில் அங்கே வந்த தெர்மாமீட்டர் ஆலை, பின்னர் இந்துஸ்தான் லீவர் வசமானது. சரக்கு பெரும்பாலும் ஏற்றுமதியானது. கழிவு இங்கே தங்கியது. பாதரசம் படிந்த கண்ணாடி ஊருக்குள் பழைய இரும்புக் கடையில் கிடந்தது 2001இல் வெளிப்பட, ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவு, பாதரசத்தை மீட்பதற்காக அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. ஆனால் மண்ணைக் கப்பலேற்ற முடியாது. அதை அங்கேயே கழுவிச் சலிக்க வேண்டும். பாதரசம் பெரும்பாலும் நுண்ணிய துகள்களில்தான் ஒட்டிக்கொள்ளும் என்பதால், சரளையும் மணலும் சுத்தமாகப் பிரிந்துவிடும். மிஞ்சும் வண்டலை மூடிய கலத்தில் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகும். அந்த ஆவியைக் குளிர்வித்தால் மீண்டும் திரவமாகக் கையில் கிடைக்கும். வழி இவ்வளவு தெளிவாக இருந்தும் சோதனை முயற்சி தொடங்கியதே 2017இல்தான்.

தாமதத்தின் பின்னால் ஒரு வாதம் இருந்தது. கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் வரை பாதரசம் இருக்கலாம் என்ற அளவை நிறுவனம் ஏற்றது. சூழலியலாளர்கள் அதைவிடக் கடுமையான அளவைக் கேட்டார்கள். அளவைக் குறைத்தால் இன்னும் ஆழமாகத் தோண்ட வேண்டும், சோலை மரங்கள் சாயும், சரிவு மண் கரையும் என்று நிறுவனத் தரப்பு சொன்னது. இதைத் தட்டிக்கழிக்க முடியாது. மலைச்சரிவில் மண்வெட்டியே இன்னொரு கேடாகலாம். ஆனால் இந்தக் கவலை, எங்கே எப்படித் தோண்டுவது என்பதைத்தான் தீர்மானிக்கலாம். எவ்வளவு நஞ்சை விட்டுவைக்கலாம் என்பதை அல்ல. அந்தச் சரிவின் நீர் பாம்பாறு வழியே வைகைப் பக்கம் இறங்குகிறது. நீர் போய்ச்சேரும் இடத்தில் வாழும் உயிர்களை வைத்தே அளவு குறிக்கப்பட வேண்டும்.

செலவை யார் தாங்குவது என்பது அடுத்த தடை. ராணிப்பேட்டையில் 1990களில் மூடிய குரோமேட் ஆலை, லட்சம் டன்னுக்கும் அதிகமான குரோமியக் கழிவை விட்டுச்சென்றது; மழைதோறும் அது நிலத்தடி நீரில் கரைந்து இறங்கியது. ஆலை போன பின் பொறுப்பாளியைத் தேடினால் இந்த நிலைதான். மாசடைந்த இடங்களுக்கென்று மத்திய அரசு 2025இல் வகுத்த விதிகள், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்கின்றன. நல்ல தொடக்கம். ஆனால் அந்தப் பணத்தை ஆலை ஓடும்போதே வைப்புத்தொகையாக வாங்கி வைத்தால்தான் அது கைக்கு வரும். அனுமதி தருவதும் கண்காணிப்பதும் கிண்டியில் இருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்தான். எனவே கொடைக்கானல், ராணிப்பேட்டை மண்ணுக்கான கேள்வியைச் சென்னைவாசிகளும் கேட்க வேண்டும். பட்டறைக்காரர் தங்கத் தூசுக்குக் காட்டும் அக்கறையை, விலை போகாத நஞ்சுக்கும் ஓர் அரசு காட்டியே ஆக வேண்டும்.